மலை ரூட்டும் மாச போனஸும்

போனஸ் என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். தீபாவளிக்கு முதலாளி மனசு வந்து கொடுப்பாரே, அந்த போனஸ் இல்லை. நான் சொல்வது பார்சல் கம்பெனி போனஸ். மாதத்தில் இத்தனை பார்சல் போட்டால் சம்பளத்துக்கு மேல் இவ்வளவு என்பார்கள். அந்தக் கணக்கில் ஒன்று குறைந்தாலும் கிடையாது. பாதி வேலைக்குப் பாதி போனஸ் என்கிற பேச்சே இல்லை.

கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டுப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் எங்கள் கம்பெனி இருந்தது. நாங்கள் ஏழு பேர். ஆறு பேருக்கு டவுனும் டவுனை ஒட்டிய ஊர்களும். எனக்கு மலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, மலை ஏறி வெள்ளிமலை, பிறகு அதைச் சுற்றிச் சிதறிக் கிடக்கிற ஊர்கள். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன் நான். அதனால் யாரும் வேண்டாம் என்று தள்ளிய ரூட் என் தலையில் விழுந்தது.

அதற்கு முன்னால் எங்கள் கடையில் பாத்திரம் விற்றுக்கொண்டிருந்தேன். அத்தா காலத்துக் கடை. ஜனங்கள் குக்கரையும் தோசைக்கல்லையும் போனில் வாங்க ஆரம்பித்தார்கள், கடை படுத்துவிட்டது. எங்கள் கடையைத் தின்ற பார்சலையே நான் முதுகில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. வேறு வேலை கிடைக்கவில்லை.

சொந்த வண்டி இருந்தால்தான் வேலை என்றார்கள். பைக்கைத் தவணையில் எடுத்தேன். சம்பளம் வீட்டுக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும். தவணைக்கு போனஸ்தான் வழி. "போனஸ் எல்லாரும் வாங்கறாங்க பாய், அதுவும் சம்பளம் மாதிரிதான்" என்று சூப்பர்வைசர் சொன்னார். எலவனாசூர்கோட்டைக்காரர், நல்ல மனுஷன். அவரை நம்பித்தான் பைனான்ஸ்காரனிடம் கையெழுத்துப் போட்டேன்.

மாசக் கடைசி வந்தால் என் மனைவி ஒரே கேள்விதான் கேட்பாள். "இந்த மாசம் வந்துடுமாங்க?" வராது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளே சொல்வாள், "வண்டிய எடுத்துக்கினு போயிட்டான்னா வேலையும் அதோட போச்சு. அத ஞாபகம் வெச்சிக்கங்க." ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் என்ன? ஒவ்வொரு வளைவிலும் அது என் பின்சீட்டில்தான் உட்கார்ந்து வந்தது.

டவுன் ரூட்டில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் பத்து பார்சல் தீரும். டவுன் ரூட்டில் என் கூட்டாளி ஒருத்தன் இருந்தான். மத்தியானத்துக்குள் மூட்டையைக் காலி செய்துவிட்டு ஷெட்டில் வந்து போனை நோண்டிக்கொண்டிருப்பான். நான் அந்த நேரத்தில் ஒரே ஒரு பார்சலுக்காக ஏதாவது ஒரு மேட்டில் பைக்கைத் தள்ளிக்கொண்டிருப்பேன். மழைக்குப் பிறகு அந்த மண் ரோட்டில் வண்டி ஏறாது. தள்ளித்தான் ஆக வேண்டும். அவனுக்கும் அதே டார்கெட், எனக்கும் அதே டார்கெட்.

தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். மலையில் சாமை, தினை கதிர் வைக்கிற காலத்தில் யாரும் வீட்டில் தங்க மாட்டார்கள். பன்றியும் குருவியும் தின்றுவிடும் என்று குடும்பத்தோடு காட்டுக் கொட்டாயில் போய்க் காவல் கிடப்பார்கள். ஆனால் விலாசத்தில் வீட்டைத்தான் எழுதுவார்கள். வேறு எதை எழுதுவார்கள்? கொட்டாய்க்குக் கதவு எண்ணா இருக்கிறது? போன் அடித்தால் டவர் கிடையாது. பார்சலைத் திரும்ப மூட்டையில் போட்டுக்கொண்டு இறங்குவேன். மறுநாள் அதையே தூக்கிக்கொண்டு ஏறுவேன்.

வெள்ளிமலையில் ஒரு அக்கா டீக்கடை வைத்திருந்தார். அவர்தான் ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பாயி, இதே மூட்டைய மேல ஏத்தறதும் கீழ இறக்கறதுமா கீற. மல எவ்ளோ உசரம்னு அளந்து பாக்கறியா?"

"ஆளு இல்லியே அக்கா. ஊரு பூரா பூட்டிக் கெடக்குது."

"காட்டுல காவ கெடக்கறவன் உனுக்காவ வூட்டுல வந்து குந்திக்கினு இருப்பானா? சந்தைக்கு வா. மொத்த மலையும் இங்கதான் நிக்கும். சேத்து வெச்சி அன்னிக்கிக் குடு."

"ஓடிபி சொல்லணுமே. டவர் இல்லாம எப்பிடி வரும்?"

"எங்க கட வாசப்படியில டவரு எடுக்குது. என் நெம்பர குடுக்கச் சொல்றேன் எல்லாரையும். நான் படிச்சி சொல்றேன், நீ போட்டுக்க."

அப்படியே நடந்தது. யார் எதை வாங்கினாலும் அக்காவின் போன் நம்பரையே கொடுத்தார்கள். மற்ற நாட்களில் நான் அடிவாரத்து ஊர்களைப் பார்த்துக்கொள்வேன். சந்தையன்று வண்டி கொள்ளாத மூட்டையோடு மலை ஏறி, டீக்கடை வாசலில் சாக்கை விரித்து உட்காருவேன். சாமை மூட்டையும் கடுக்காயும் கொண்டுவந்து விற்றவர்கள், பஸ்ஸோ ஜீப்போ பிடிக்கப் போகிற வழியில் என்னிடம் நிற்பார்கள்.

அக்கா டீ ஆற்றிக்கொண்டே போனைப் பார்த்துக் கத்துவார். "யார்ரா அது கருப்புக் கண்ணாடி வாங்கினவன்? நம்பர் வந்துருக்குது. மாடு உன்ன பாத்து மெரளப் போவுது, போட்டுக் காட்டு மொதல்ல!" அவன் வெட்கப்பட்டுக்கொண்டே போட்டுக் காட்டுவான். சந்தையே சிரிக்கும். ஒருத்தர் சாமை காய வைக்கத் தார்ப்பாய் வாங்கியிருந்தார். என்னைவிட மூத்தவர். அங்கேயே பிரித்து, நான்கு பேரை நான்கு மூலை பிடிக்கச் சொல்லி, ஓட்டை இருக்கிறதா என்று வெயிலுக்குக் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார். "அடுத்த அறுப்புக்கு இன்னொண்ணு போடணும் பாயி" என்றார்.

அந்த மாதம் நான் டார்கெட்டைத் தாண்டினேன். சேர்ந்ததிலிருந்து முதல் தடவை. ரிட்டன் போனது ஒன்றுகூட இல்லை. வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி அன்றைக்குக் கறி எடுத்துச் சமைத்தாள்.

சம்பள நாளில் போனஸ் வரவில்லை. சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாய், ஒரே போன் நம்பருக்கு அத்தன பார்சல் போயிருக்குது. எல்லாம் ஒரே எடத்துல வெச்சிக் குடுத்ததா காட்டுது. போலி டெலிவரின்னு சிஸ்டம் அடிச்சிடுச்சி."

"போலியா? வாங்கினவன்லாம் உசுரோட கீறான் சார். வாங்க, சந்தையில காட்டறேன்."

"எனக்குத் தெரியுது பாய். அதுக்குத் தெரியலியே."

"அதுக்குத் தெரியலன்னா நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா அது கேக்காது."

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பூட்டிய வீட்டுக்குப் போய், பூட்டைப் போட்டோ பிடித்து, ஆள் இல்லை என்று போட்டிருந்தால் என் பேரில் தப்பு ஏறாதாம். வாங்க வேண்டியவன் கையில் கொடுத்ததுதான் தப்பு. கத்தினேன். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம் என்று எனக்கும் தெரியும். எதிரில் திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

என் சத்தம் சென்னை வரைக்கும் போனதோ என்னவோ, அடுத்த வாரம் மானேஜர் ஒருவர் போனில் முகம் காட்டிப் பேசினார். ஷெட்டுச் சுவரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஏழு பேரும் முன்னால் நின்றோம்.

"எல்லாருக்கும் ஒரே டார்கெட் வெச்சிருக்கோம். யாருக்கும் ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல. இதுல என்ன அநியாயம்?" என்றார்.

"சார், நான் ஒரு வூட்டுக்கு ஏறி இறங்கறதுக்குள்ள இவன் ஒரு தெருவ முடிச்சிடறான். ரெண்டு பேருக்கும் ஒரே டார்கெட்டுன்னா அது எப்பிடி சார் சமம்?"

"அப்ப மலைக்கு மட்டும் கம்மி பண்ணச் சொல்றீங்களா? நாளைக்கு டவுன்ல இருக்கிறவங்க எங்களுக்கும் கம்மி பண்ணுங்கன்னு வந்து நிப்பாங்களே."

"பண்ண வேணாம் சார். நான் குடுத்தத குடுத்ததா எடுத்துக்கங்க. அது போதும்."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"ரொட்டேஷன் போட்டுடலாம். ஒருத்தரே மலைக்குப் போனாத்தானே கஷ்டம்? எல்லாரும் மாத்தி மாத்திப் போங்க. வாரத்துக்கு ஒருத்தர். இப்ப சரிதானே?"

யாரும் பதில் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது.

கூட்டாளிதான் முதலில் வாயைத் திறந்தான். "நல்லா கேட்ட பாய் நியாயம். உன் பங்க எங்களுக்கும் பிரிச்சிக் குடுத்துட்ட."

ஒவ்வொரு வாரம் ஒருத்தன் மலை ஏறினான். சந்தைக்குப் போய் உட்காருங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை, அதுதான் போலி டெலிவரி ஆயிற்றே. சட்டப்படி வீடு வீடாகப் போனார்கள். பூட்டைப் போட்டோ பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கூட்டாளி அவன் வாரம் முடிந்து வந்து போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். வரிசையாகப் பூட்டுகள். துருப்பிடித்த பூட்டு, புதுப் பூட்டு, பூட்டே இல்லாமல் கயிறு கட்டிய ஒரு கதவு.

"உன் சொந்தக்காரங்க ஒருத்தரும் வூட்ல இல்ல பாய். எல்லாம் உன்னமாரியே ஊரு சுத்தப் போயிட்டாங்க."

"காட்டுல காவல் கெடக்கறாங்கடா."

"கெடக்கட்டும். எனக்கு இந்த மாசம் போனஸ் போச்சி."

அது பொய் இல்லை. அவன் வீட்டில் அம்மாவுக்கு மாத்திரை செலவு இருந்தது. மற்றவர்களுக்கும் அப்படி ஏதாவது ஒன்று. மலை வாரம் வந்தால் அந்த மாதம் எல்லாருக்கும் அடி. என்னோடு டீ குடிப்பதை நிறுத்தினார்கள். நான் கேட்டது என் உழைப்புக்கு நியாயம். கிடைத்தது எல்லாருக்கும் சமமான நஷ்டம்.

ரிட்டன் மூட்டைகள் ஷெட்டில் குவிந்தன. அதில் ஒரு தார்ப்பாயும் கிடந்தது. மேலே ஒட்டியிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே, சந்தையில் 'இன்னொண்ணு போடணும்' என்றாரே, அவருடையது என்று தெரிந்தது. அந்த வாரம் எனக்கு மலை இல்லை. தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். சிஸ்டத்தில் அது திரும்பிப் போக வேண்டிய பொருள். எடுத்தால் திருட்டு. லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று.

பிறகு சென்னையில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். மலைக்குப் போகிறதில் பெரும்பாலும் திரும்பி வருகிறது, நஷ்டம். மலையின் பின்கோடு நம்பரையே லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெள்ளிமலைக்கு எதை வாங்கப் போனாலும் 'இந்த இடத்துக்கு டெலிவரி இல்லை' என்று வரும். ரூட் பிரச்சினை தீர்ந்தது. இனி யாரும் ஏற வேண்டாம்.

ஆறு பேர் பிரித்துக்கொண்ட டவுனை இப்போது ஏழு பேர் பிரித்துக்கொண்டோம். பார்சல் கூடவில்லை. டார்கெட் குறையவில்லை. எனக்கும் டார்கெட் எட்டவில்லை, மத்தியானமே மூட்டையைக் காலி செய்கிற கூட்டாளிக்கும் எட்டவில்லை. சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். அவர், "என்ன பண்றது பாய்" என்றார். அதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை.

அதுவரை கைமாற்று வாங்கிக் கட்டிவந்த தவணை நின்றது. பைனான்ஸ்காரர்கள் இரண்டு பேர் கடைத்தெருவில் வைத்தே வண்டியை மறித்தார்கள். அன்றைய மூட்டை பின்னால் கட்டியிருந்தது. "மூட்டைய அவுத்துக்க பாய்" என்றார்கள், மரியாதையாகத்தான். அவிழ்த்துத் தரையில் வைத்தேன். சாவியைக் கொடுத்தேன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தேன். வண்டி இல்லாதவனுக்கு வேலை இல்லை என்பது சேரும்போதே சொன்னதுதான்.

ஷெட் வாசலில் தார்ப்பாய்க்காரர் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். காலையில் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"இங்கதான் கீறியா பாயி? சந்தையில பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சி. டீக்கடையம்மா தெனம் உன்னத்தான் திட்டிக்கினு கீது. என் தார்ப்பாய் எங்க?"

"திரும்பிப் போயிடுச்சிங்க."

"எங்க போச்சி? நான்தான் வாங்கலியே, எப்பிடித் திரும்பும்?"

"வூட்டுல ஆள் இல்லன்னு அனுப்பிட்டாங்க."

"சந்தையில இருந்தனே."

சூப்பர்வைசர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"செரி, இன்னொரு தபா போடு. அறுப்பு வந்துடிச்சி. மழ வேற கருக்குது."

"இனிமே மலைக்கு வராதுங்க. நிறுத்திட்டாங்க."

"எதுக்கு?"

நான் போனஸ் கேட்டேன், அதனால் என்று சொல்ல வேண்டும். அதை எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது? அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூட்டையை உள்ளே வைத்துவிட்டு, ஐடி கார்டையும் அதன் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கடைத்தெருவில் தெரிந்த கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தார்ப்பாய் விலை ஜாஸ்திதான். கடை பாயிடம் பேசிப் பார்த்தேன், கொஞ்சம் குறைத்தார். இங்கே பிரித்துப் பார்க்க இடம் இல்லை. பெரியவர் மூலையை மட்டும் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"உன் வண்டி எங்க பாயி?" என்று அப்போதுதான் கேட்டார்.

"எடுத்துக்கினு போயிட்டாங்க."

"யாரு?"

"கடன் குடுத்தவங்க."

தார்ப்பாய்க் கட்டின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். பெரியவர் சண்டைக்குப் போனார். "ஒரு தார்ப்பாய்க்கு லக்கேஜா? அநியாயமா இல்லியா உனுக்கு?"

நியாயம் பேசாதீர்கள், ஏறி உட்காருங்கள் என்று சொல்ல நினைத்தேன். பெரியவரையும் தார்ப்பாயையும் ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியது. சொந்த வண்டி இருந்த வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் எது எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. என் தெருப் பக்கம் போகிற பஸ் எது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.