தாளம் கேட்காத ஹெட்போன்கள்

நல்ல ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். எனக்கு அதில் குழப்பமே இருந்ததில்லை. நாதஸ்வரக் கச்சேரி, அவ்வளவுதான். சினிமாப் பாட்டு ஓடினால் எழுந்து போய்விடுவேன். அந்தக் கச்சேரியிலும் நான் உயிரை விடுவது தாளத்துக்கு. நாயனக்காரர் எங்கே பறந்தாலும், தவில்காரர் என்ன அடி அடித்தாலும், பின்னால் ஒருவர் அசையாமல் உட்கார்ந்து வெண்கலத் தாளத்தை ‘ணிங்’ என்று தட்டுவார் பாருங்கள், மொத்தக் கச்சேரியும் அதில்தான் நிற்கிறது. யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அவர்தான் வேண்டும்.

கொஞ்ச வருடமாக அந்தத் தாளம்தான் வர மறுத்தது. கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்து ஆசையாக மாட்டுவேன். தவில் வரும், நாயனம் வரும், தாளம் மட்டும் போர்வைக்குள் தட்டுகிற மாதிரி இருக்கும். அடச்சே என்று திருப்பி அனுப்பிவிடுவேன். இணையத்தில் விமர்சனம் எழுதுகிறவர்களைத் திட்டாத நாளில்லை. ‘மேல் சுரமெல்லாம் கண்ணாடி போலத் தெளிவு’ என்று ஒருத்தன் எழுதியிருந்தான். இவன் காதில் பஞ்சா வைத்திருக்கிறான் என்று மனைவியிடம் கத்தினேன். மெதுவாகப் பேசுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்றாள். அதற்கும் சேர்த்துக் கத்தினேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மில் ஆப்பரேட்டர், ஒப்பந்தக்காரரிடம். பழைய மில். இரும்புக் குண்டுகள் போட்ட பெரிய உருளை சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குள் விழுகிற கட்டிகள் அரைபட்டு சிமெண்டாக வெளியே வரும். உள்ளே சரக்கு குறைந்தால் குண்டுகள் தகட்டில் மோதிக் கணகணவென்று கேட்கும். சரக்கு கூடினால் சத்தம் அமுங்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடைத்துக்கொள்ளும், மில்லை நிறுத்த வேண்டியதுதான். சத்தத்தைப் பிடிக்க ஒரு மைக் உண்டு, புழுதி ஏறி அது பாதி நாள் பொய் சொல்லும். ஆகவே எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். காது மூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, மில்லை ஒட்டி நின்று, கேட்டுக் கேட்டுச் சரக்கை ஏற்றி இறக்குவேன். “அண்ணன் காத வச்சாப் போதும், மில்லு அடைக்காது” என்பார்கள் ஷிப்ட்டில். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பெரம்பலூரில் என் சகலை, அதாவது மனைவியின் தங்கை வீட்டுக்காரர், செல்போன் கடை வைத்திருக்கிறார். ஹெட்போன் பைத்தியம். அவர் வீட்டு அலமாரியில் துணியைவிட ஹெட்போன்தான் அதிகம். தபாலில் வாங்கித் திருப்பி அனுப்பிக் கொண்டிருப்பதற்கு, நேரில் வந்து எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள் என்றார். வார லீவில் பஸ் ஏறினேன்.

சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற ஒரே மல்லாரியை ஒவ்வொன்றிலும் போட்டுக் காட்டினார். மனுஷன் விஷயம் தெரிந்தவர்தான். கீழ்ச் சத்தம் பெருத்த ஹெட்போன் சினிமாப் பாட்டுக்காரனுக்கு, அதில் தவிலில் குச்சி விழுகிற தொப்பிப் பக்கம் ஊதிப்போய், விரல் விழுகிற வலந்தலை செத்துவிடும் என்றார். நடுச் சத்தம் தூக்கலாக இருந்தால் நாயனம் முகத்தில் அறையும், கொஞ்சம் பின்வாங்கி இருக்க வேண்டும். காதை இறுக்கி மூடுகிற வகையைவிடப் பின்பக்கம் திறந்த வகை எனக்குப் பொருந்தும், கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பது போலிருக்கும். எல்லாம் சரி, நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொன்றையும் கழற்றும்போது, தாளம் எங்கே என்று கேட்டேன். இருக்கிறதே என்றார். இல்லை என்றேன். அவர் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்து, இருக்கிறதே என்றார் மறுபடியும்.

கடைசியில் அலமாரியின் அடியில் கிடந்த ஒன்றை நானே எடுத்தேன். அது வேண்டாம், காதைக் கிழிக்கும், யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று தடுத்தார். மாட்டினேன். அப்பா! ணிங். ணிங். மெலிசாக, ஆனால் வந்துவிட்டது. இதுதான், இதைவிட்டு மற்றதையெல்லாம் புகழ்ந்துகொண்டிருக்கிறீர்களே என்று சிரித்தேன். சகலை சிரிக்கவில்லை.

ஹெட்போனை வாங்கி வைத்துவிட்டு, தன் போனில் ஒரு சோதனைச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டார். கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிற ஒற்றைச் சத்தம். நின்றதும் கையைத் தூக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, தூக்கினேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அடுப்படியிலிருந்து கொழுந்தியாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

“அத நிறுத்தித் தொலைங்களேன், காது கூசுது.”

எதை நிறுத்த என்று கேட்டேன். விளையாடுகிறேனோ என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். சகலை போனை அணைத்தார்.

“ஹெட்போன்ல கோளாறு இல்ல சகல” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்கள் கடை போனெல்லாம் ஓட்டை என்று சொல்லிவிட்டு, ஆக்கி வைத்த சோற்றைச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் கோபம் இறங்கியதும் பயம் வந்தது. டிக்கெட் கொடுத்தவர், முன்சீட்டுக் குழந்தை என்று ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

திருச்சியில் காது டாக்டரிடம் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். சோதனை முடிந்து கையில் கொடுத்த படத்தில் கோடு நேராக வந்து, பாதிக்கு மேல் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. என்ன வேலை என்று அந்த டாக்டர் அம்மா கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

“போனது வராதுங்க. இருக்கறதையாவது காப்பாத்திக்கங்க. காத மூடாம இனிமே அங்க நிக்காதீங்க.”

நின்றேன், மூடிக்கொண்டு. மில் அடுத்த ஊரில் ஓடுவது போலிருந்தது. சரக்கு கூடுகிறதா குறைகிறதா ஒன்றும் தெரியவில்லை, குத்துமதிப்பாகத்தான் ஓட்டினேன். சில நாளில் மில் அடைத்துக்கொண்டது. ஒப்பந்தக்காரர் வந்தார். முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மூட்டை ஏற்றும் இடத்துக்காவது மாற்றுங்கள் என்று கேட்டேன். இந்த வயதில் மூட்டையா என்று கேட்டுவிட்டுப் போனார். ஜெயங்கொண்டத்தில் படிக்கிற மகளுக்கு இன்னும் படிப்பு பாக்கி இருந்தது. மூடியைக் கழுத்துக்கு இறக்கினேன். மனைவியிடம் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறேன் என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை.

காதைக் கிழிக்கிற அந்த ஹெட்போனை சகலையே கொடுத்தனுப்பினார். ஆரம்பத்தில் தாளம் வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு வாரத்துக்கு வாரம் சத்தத்தைக் கூட்டினால்தான் வந்தது. கூட்டக் கூடாது என்று தெரியும். கூட்டினேன். தாளமில்லாத கச்சேரியை என்னவென்று கேட்பது?

போன மாதம் ஒரு மதியம், ஷிப்ட் முடிந்து வந்து சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தாளம் நன்றாகக் கேட்டது. அத்தனை துல்லியமாகக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். தட்டிய பிறகு சத்தம் இழுத்துக்கொண்டு போகுமே, அந்த இழுப்பு முழுசாகக் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஹெட்போனைக் கழற்றினேன்.

சத்தம் நிற்கவில்லை. போனைப் பார்த்தேன், கச்சேரி எப்போதோ முடிந்து திரை அணைந்திருந்தது. கரண்ட் போய் மின்விசிறியும் நின்றிருந்தது. தலைக்குள் அந்த இழுப்பு மட்டும் ஏறாமல் இறங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏதாச்சும் சத்தம் கேக்குதா உனக்கு?” என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த கீரையை வைத்துவிட்டு, உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டாள்.

“ஒண்ணும் இல்லயே. கரண்டு இல்லாம நிம்மதியாத்தான இருக்கு.”

ஆமாம் என்றேன். அடுத்த தட்டு விழும் என்று காத்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. அந்தத் தட்டின் இழுப்பே இன்றுவரை நிற்கவில்லை.