கையில் ஸ்டிக் இல்லாத கோல்கீப்பர்

“ஐஸ் ஹாக்கி உலகக் கோப்பை வீரருக்குப் பொன்னாடை.” பிப்ரவரி முதல் சனிக்கிழமை நடந்த பொங்கல் விழாவுக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பிதழில் இருந்த வரி இது. இந்தச் சின்ன வரிக்குள் இரண்டு பிழைகள். என் தங்கை மகன் ஆடுவது பேண்டி. உலகக் கோப்பை என்ற பெயரில் பேண்டியில் கிளப் அணிகளுக்கு வேறொரு போட்டி நடக்கிறது. அவன் அமெரிக்க ஆண்கள் அணிக்காகப் போய் ஆடியது உலக சாம்பியன்ஷிப். 1957இல் பின்லாந்தில் தொடங்கிய போட்டி அது. இந்த முறை ஸ்வீடனில் நடந்தது.

இவ்வளவையும் அழைப்பிதழ் வருவதற்கு முந்தைய வாரமே சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்பியிருந்தேன். பேண்டி என்றால் என்ன என்றும் அதில் விளக்கியிருந்தேன்: கால்பந்து மைதானம் அளவுக்கு உறைந்த பனித்தரை, பக்கத்துக்குப் பதினொரு பேர், ஐஸ் ஹாக்கியின் வட்டுக்குப் பதில் பந்து. எல்லாரிடமும் வளைந்த ஸ்டிக் இருக்கும், கோல்கீப்பரைத் தவிர. அவன் வெறும் கையுறையோடு நின்று, பறந்து வரும் பந்தைத் தடுக்க வேண்டும். என் தங்கை மகன் கோல்கீப்பர்.

அழைப்பிதழில் போட்டிருந்த படத்தில் அவன் முட்டி மடக்கிக் கைகளை விரித்து நிற்கிறான். வலது கையில் ஒரு ஹாக்கி ஸ்டிக். படம் வெறுமையாக இருக்கிறதென்று கமிட்டியில் யாரோ கம்ப்யூட்டரில் ஒட்ட வைத்த ஸ்டிக். அதைப் பார்த்ததும் செயலாளரைப் போனில் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரர், மரியாதைக்குக் குறைவில்லாதவர்.

“ஹாக்கின்னா எல்லார்த்துக்கும் புரியுமுங்ணா. பேண்டின்னா மேடையில யாருங்ணா நின்னு வெளக்கறது?”

“நான் விளக்குறேன்.”

“உங்களுக்கு மைக் குடுத்தா டான்ஸ் ப்ரோக்ராம் எல்லாம் அடுத்த வாரந்தாங்ணா.”

சிரித்துவிட்டு வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பெல்லிங் போட்டியில் ஜெயித்த பிள்ளை எந்தச் சொல்லில் ஜெயித்தது என்பதைக்கூட மேடையில் எழுத்து எழுத்தாகச் சொல்லும் சங்கம் இது. ஒரு மனிதன் தன் இருபதுகளைக் கொடுத்துக் கற்ற ஆட்டத்தின் பெயரைச் சொல்ல மட்டும் இவர்களுக்கு நேரமில்லை.

அவன் இங்கே எங்கள் ஊர் பிளானோவில் வளர்ந்து, பனி உறையும் மினசோட்டாவில் படிக்கப்போய், அங்கேயே வேலையில் இருப்பவன். பேண்டி அங்கேதான் தொற்றிக்கொண்டது. அவன் அப்பா, அதாவது என் தங்கை கணவர், இன்றுவரை ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. லீவு போட்டுப் பந்தின் பின்னால் போகிறான் என்பது அவர் குறை. ஸ்வீடனுக்கு அவன் கிளம்பிய அன்று என்னிடம் சொன்னார்: “நாலஞ்சு நாடு ஆடுறதுக்குப் பேரு வேர்ல்ட் சாம்பியன்ஷிப்பாம். எங்க ஆபீஸ் கிரிக்கெட் லீக்ல இதைவிட டீம் ஜாஸ்தி, மச்சான்.”

அப்படியிருந்தும் பையன் விழாவுக்கு வர ஒப்புக்கொண்டான். காரணத்தை என்னிடம் போனில் சொன்னான்.

“டாடியோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இருப்பாங்க, ரைட்? அவங்க முன்னாடி ஒன்ஸ், ஜஸ்ட் ஒன்ஸ், கரெக்டா சொல்லட்டும் மாமா. ஐ டோன்ட் நீட் த ஷால்.”

அவன் கேட்டது அவ்வளவுதான்.

பள்ளிக்கூட அரங்கு நிரம்பியிருந்தது. அவன் அப்பா பின் வரிசையில் தன் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். தொகுத்து வழங்கிய பெண்மணி “ஐஸ் ஹாக்கி ஹீரோ” என்று அழைத்தார். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஒரு கமிட்டி உறுப்பினர், தன் மகன் பழகும் ஹாக்கி ஸ்டிக்கைக் கார் டிக்கியிலிருந்து எடுத்துவந்து, போட்டோவுக்காக இவன் கையில் கொடுத்தார்.

ஸ்டிக்கை ஒரு கணம் பார்த்தான். குனிந்து தரையில் வைத்தான். நிமிர்ந்து இரண்டு கைகளையும் விரித்து, கோல் வாயில் நிற்பதுபோல் நின்றான்.

“தம்பி, அதை எடுத்துப் புடிப்பா, போட்டோல கை சும்மா தெரியுது,” என்று முன் வரிசையிலிருந்து ஒருவர்.

மைக் பக்கம் சாய்ந்தான். தட்டுத் தடுமாறிய தமிழ். “கோல்கீப்பருக்கு ஸ்டிக் கிடையாது, அங்கிள். இந்த கேம் பேரு பேண்டி.”

சிலர் சிரித்தார்கள். தொகுப்பாளர், “சோ ஸ்வீட். நம்ம ஹாக்கி ஹீரோவுக்கு இன்னொரு தடவை கைதட்டுங்க,” என்றார். எல்லாரும் தட்டினார்கள். அடுத்த நடனத்துக்குப் பாட்டு தொடங்கிவிட்டது.

நான் பல விழாக்களில் பல அபத்தங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இதைப்போல ஒன்றில்லை. ஒருவன் தன் வாயால் திருத்திய பிழையை, அவன் மேடையை விட்டு இறங்குவதற்குள் மறுபடி சொல்ல ஒரு கூட்டத்தால் முடிகிறது, அதுவும் அன்போடு.

சாப்பாட்டு வரிசையில் செயலாளரைப் பிடித்தேன். கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டு. நான் கேட்க வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

“என்னையப் பேசறீங்களேங்ணா. நீங்க அனுப்புனதப் படிச்சிட்டு நான் பேண்டின்னுதான் போட்டிருந்தேன். தம்பியோட அப்பாதான் போன் பண்ணி, ஹாக்கின்னே போட்டுருங்க, கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லி முடியலன்னாரு.”

எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, போனில் பேசியதுதான் என்றார்.

பார்க்கிங்கில் தங்கை கணவரிடம் நேராகவே கேட்டேன்.

“நானா? நான் எதுக்கு மச்சான் சொல்லப் போறேன்? மாட்டிக்கிட்டா அவனுங்க எதையாவது சொல்லுவானுங்க,” என்றார். கார் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார். பக்கத்தில் நின்ற தங்கை பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மறுநாள் மினியாபொலிஸ் விமானத்துக்கு அவனை நான்தான் கொண்டுபோய் விட்டேன். டோல்வே நெடுஞ்சாலையில் பாதி வழி வந்ததும், “ஹூ டோல்ட் தெம் ஹாக்கி, மாமா?” என்றான்.

“விசாரிச்சிட்டிருக்கேன்டா.”

விழா மலரில் திருத்தம் போடச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: அவன் பெயர் வர வேண்டிய இடம் பேண்டி, ஆண்கள் உலக சாம்பியன்ஷிப், அமெரிக்க அணி, கோல்கீப்பர். இவை சரிபார்த்தவை. அழைப்பிதழில் ஹாக்கி என்று போடச் சொன்னது அவன் அப்பாவா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.