வைண்டிங் அண்ணனின் முறை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வைண்டிங் அண்ணனை யாராலும் அசைக்க முடியாது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் புதிதாகச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவருடைய தொழில். அதனால் சபையில் அந்தப் பெயர். லுத்தரன் சபையின் ஆராதனை முறைமையில் எல்லாமே அச்சில் இருக்கிறது. போதகர் ஒரு வரி சொன்னால் சபையார் ஒரு வரி சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரிகளை அண்ணன் சொல்லும் கம்பீரத்தைக் கேட்டால், இரண்டு பேரில் யார் போதகர் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் ஞாயிறு புலி, புதன் எலி. புதன்கிழமை மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அங்கே சங்கிலி ஜெபம் என்று ஒன்று உண்டு. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒருவர் ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தொடங்க வேண்டும். அதுவும் சொந்த வார்த்தையில். புத்தகம் கிடையாது, அச்சு கிடையாது. அதை நினைத்தே செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து அண்ணன் காலண்டர் பக்கம் திரும்ப மாட்டார்.

இத்தனை வருஷமாக ஒரு தடவைகூட மாட்டாமல் தப்பித்து வந்தார் என்றால் அது லேசான சாமர்த்தியம் இல்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். அண்ணனுக்குப் பச்சைக் குழந்தையும் ஆயுதம். கூட்டத்துக்கு யாராவது கைக்குழந்தையோடு வந்தால் ஆசையாக வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அதுவரை சமர்த்தாகத் தூங்கிய குழந்தை, சங்கிலி அவர் பக்கம் நெருங்கும் நேரம் பார்த்து வீல் என்று கத்தும். சமாதானப்படுத்த அவர் வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவார். கிள்ளினார் என்று சொல்லச் சாட்சி இல்லை, குழந்தைக்கும் பேச்சு வரவில்லை. குழந்தை கிடைக்காத புதன்கிழமைகளில் கரண்ட் போகும். இருட்டில் எல்லாரும் கண்ணைத் திறந்தால் அண்ணன் ஏற்கெனவே பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். ‘நல்லவேளை அண்ணன் இருந்தார்’ என்று பழைய தபால்காரர் ஒருவர்தான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் சேர்த்து வைத்து ஜெபிக்க அவருக்கு மனைவி இருந்தார். சபையில் அவர் பெயர் மைக் அக்கா. மழலையர் பள்ளியில் டீச்சர். அவர் வகுப்பில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் தெருமுனையில் சைக்கிளுக்குக் காற்றடிப்பவருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். ஜெபிக்க ஆரம்பித்தால் யாரையும் விட மாட்டார். ஆண்டவருக்கு வழி தெரியாதோ என்பதுபோல, தெருவின் பெயர், மாடி வீடா கீழ் வீடா, வயிற்றுவலி இடதா வலதா என்று எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லித்தான் ஒப்படைப்பார். வெயில் என்றாலும் மழை என்றாலும் அவர் குரல் மட்டும் மங்கியதில்லை.

அந்தக் குரல் வரும் கழுத்தில்தான் கட்டி வந்தது. தைராய்டு என்றார் டாக்டர். எடுத்தாக வேண்டும், எடுத்துப் பார்த்தால்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரியும். இன்னொன்றும் சொன்னார். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனாலும் குரலுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் மீதிச் சில்லறை தராததைக்கூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அண்ணனுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஆபரேஷன் வியாழக்கிழமை. முதல் நாள் புதன்கிழமைக் கூட்டத்தைத் தங்கள் வீட்டில் வைக்கவேண்டும் என்று அக்கா போதகரிடம் கேட்டுக்கொண்டார். அன்றிரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார்.

“புதன்கிழமை நீங்க ஜெபிக்கணும்.”

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். போதகர் வருகிறாரே, அவர் பார்த்துக்கொள்வார் என்றார். தபால்காரர் இருக்கிறார் என்றார். மகள் லீவு போட்டுவிட்டு வருகிறாளே, அவள் நன்றாக ஜெபிப்பாள் என்றார்.

“அவங்க எல்லாரும் ஜெபிப்பாங்க. என் குரல் இருக்குமோ போகுமோ தெரியல. அதுக்கு முன்னால உங்க குரலை ஒரு தடவை கேட்டுட்டுப் போறேனே.”

அண்ணன் தலையை ஆட்டினார்.

ஆட்டிய தலைக்கு வழி தேட வேண்டுமே. பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சிட்ட ஜெபங்கள் இருந்தன. நோயாளிகளுக்கென்று ஒன்று, அண்ணன் இதுவரை தொட்டுப் பார்க்காத இலக்கணச் சுத்தத்தோடு இருந்தது. அதை மனப்பாடம் செய்ய முடிவெடுத்தார். பட்டறையில் கம்பி சுற்றியபடியே சொன்னார். பிரித்துப் போட்ட பம்ப் மோட்டாரைப் பார்த்துச் சொன்னார். மிக்ஸி ரிப்பேருக்கு வந்த ஒரு அம்மா, ‘இரக்கமுள்ள பிதாவே’ என்று அவர் தொடங்கியதைக் கேட்டு, இந்த மிக்ஸி இனிப் பிழைக்காது என்று முடிவுகட்டித் திரும்பிப் போய்விட்டார். இரண்டு நாளில் ஜெபம் தண்ணீர்பட்ட பாடு ஆனது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் வரும்.

புதன்கிழமை மாலை கூடத்தில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தார்கள். மகள் வந்திருந்தாள். அப்பாவை அறிந்தவள் ஆதலால் சுவிட்ச் போர்டுக்கு நேர் கீழே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். கைக்குழந்தையோடு வந்த பெண்ணையும் அவளே கைப்பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அண்ணனுக்கு இதெல்லாம் புரிந்தது. ஆனால் இன்று அவருக்கு அந்த உதவிகள் தேவையில்லை. நெஞ்சுக்குள் ஜெபம் பத்திரமாக இருந்தது. தபால்காரருக்குப் பக்கத்தில் தைரியமாகவே உட்கார்ந்தார். அண்ணனுக்கு அடுத்தபடி அக்கா. சங்கிலியை முடிக்க வேண்டியவர்.

ஒரு ஞானப்பாட்டுப் பாடினார்கள். போதகர் சுருக்கமாக வேத வார்த்தை சொல்லிச் சங்கிலியைத் தொடங்கி வைத்தார். ஒவ்வொருவராக வந்து, முறை தபால்காரரிடம் சேர்ந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இரக்கமுள்ள பிதாவே” என்றார்.

அண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிதா இரக்கமுள்ளவர் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அடுத்த வரியும் அதுவேதான். அதற்கடுத்த வரியும் அதுவேதான். வரிக்கு வரி, புள்ளிக்குப் புள்ளி, பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அந்த மனிதர் அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தார். உருக்கமாக ஜெபிக்கிறவர் என்று சபையே மெச்சிக்கொண்டிருந்த தபால்காரரும் இத்தனை காலம் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறார். புத்தகத்தைக் கையில் கொடுத்து வளர்த்த சபையில் பிறந்தவர்கள் வேறெங்கே போவார்கள்? ஒரு வார்த்தை மிச்சம் வைக்காமல் சொல்லி முடித்து ஆமென் போட்டார்.

அடுத்தது அண்ணனின் முறை.  ஏற்கெனவே சொன்னதையே திருப்பிச் சொன்னால் மானம் போய்விடும். எழுந்து போகலாம் என்றால் குழந்தையும் சுவிட்ச் போர்டும் மகள் வசம். மகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். போதகர் தானே முடித்துவிடலாமா என்று மூச்சை இழுத்தார். அண்ணன் மெதுவாகப் பக்கத்தில் பார்த்தார். அக்கா கண்ணை இறுக்க மூடி, சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா,” என்றார் அண்ணன்.

சபையில் ஐயா என்றால் போதகர்தான், அதனால் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவர் கண்ணைத் திறந்துவிட்டார். அப்புறம் அவசரமாக மூடிக்கொண்டார்.

“ஐயா, எனக்கு இந்த மாதிரி பேச வராது. அது உங்களுக்கே தெரியும். நாளைக்கு இவளுக்குக் கழுத்துல ஆபரேஷன். நரம்பு முடி மாதிரி இருக்குமாம். நானும் முடி மாதிரி கம்பியோடதான் மாரடிக்கிறேன். கை கொஞ்சம் அசங்கினா அறுந்துடும். நான்னா வேற கம்பி போட்டுச் சுத்திடுவேன். டாக்டரால அது முடியாது. அதனால அவர் கையைப் பிடிச்சுக்குங்க.”

நிறுத்தினார். முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். முடியவில்லை.

“இவ புதன்கிழமை தவறாம எல்லாருக்காகவும் கேக்கிறா. இவளுக்குன்னு ஒண்ணுகூடக் கேட்டதில்ல. நான் பக்கத்துலதானே இருக்கேன், எனக்குத் தெரியும். இந்தத் தடவையும் கேக்க மாட்டா. அதனால நான் கேக்கிறேன். இந்தக் குரல் எனக்கு வேணும். திட்டுறதுக்காவது வேணும். இது இல்லாம இந்த வீட்டுக்குள்ள எனக்கு இருக்கத் தெரியாது. அவ்வளவுதான்.”

முடிவில் சொல்ல வேண்டிய ஆமென்கூடச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். இனி அக்காவின் முறை. சபை காத்திருந்தது. எந்தக் கூட்டத்திலும் வார்த்தைக்குப் பஞ்சம் வைக்காத மைக் அக்கா வாயைத் திறந்தார், மூடினார், தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கடைசியில் போதகர் எல்லாரையும் சேர்த்து, அனைவருக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபம் சொல்ல வைத்துக் கூட்டத்தை முடித்தார். டீ குடிக்கும்போது தபால்காரர் அண்ணனிடம் வந்து, அந்த ஜெபம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு அண்ணன் டம்ளர்களைக் கழுவ, அக்கா துடைத்து அடுக்கினார்.

“இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?” என்றார்.

“ஆண்டவர்கிட்ட தினமும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். சத்தமா சொன்னதில்ல, அவ்வளவுதான்.”

அக்கா ஒரே டம்ளரை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கெட்ட கட்டி இல்லை. குரலும் வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. உச்சத்தில் நின்ற கணீர் போய்விட்டது, அடியில் ஒரு கரகரப்புத் தங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட இப்போது கையைத் தட்டுகிறார். ஞானப்பாட்டில் மேலே ஏறும் வரி வந்தால் வாயை மூடிக்கொள்கிறார். ஒருநாள் வகுப்பில் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

“மறைக்காம சொல்லுங்க. ரொம்பக் கெட்டுப்போச்சா?”

ஓடுகிற மோட்டாரின் இரைச்சலை அறைக்கு வெளியே நின்று கேட்டே எந்தச் சுற்றில் பழுது என்று சொல்லிவிடுகிற மனிதர், தலையைச் சாய்த்துக் கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றார்.

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே,” என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை வந்தபோது அண்ணன் சபையோடு சேர்ந்து அதையும் கணீரென்று சொன்னார். அந்தப் பொய்யை அதில் சேர்த்துக்கொண்டாரா என்று தெரியாது. சேர்த்திருக்க மாட்டார்.