செங்கல் துண்டு போட்டுத் தேடிய திருடன்

லூமுட் பக்கம் கடற்கரையில் அக்கா நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருக்கிறாள். போன வருஷம் கடைக்கு முன்னாலிருந்த மணல் மளமளவென்று குறைந்தது. சிமெண்டுத் தரைக்கு அடியில் கை நுழையும் பள்ளம். இன்னும் கொஞ்சம் அரித்தால் கடை கடலுக்குள் போய்விடும். வடக்கே, நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் படகு வாடகைக்காரரின் இடத்திலோ மணல் மேடாகிக்கொண்டே இருந்தது.

சிலிபினில் இருந்துகொண்டு வாரா வாரம் அக்கா கடைக்குப் போகும் எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றி எரிந்தது. அவரும் நாங்கள் முன்பு குடியிருந்த எஸ்டேட் தோட்டத்துக்காரர்தான். இருந்தால் என்ன? அவரிடம் லாரி இருந்தது. ஆளில்லாத நேரம் பார்த்து எங்கள் மணலை அள்ளுகிறார் என்று முடிவுகட்டி, அவரிடம் பேசுவதையே நிறுத்தினேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றாள் அக்கா. அவளுக்கு எல்லாரும் நல்லவர்கள். நான் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டேன். கையும் களவுமாகப் பிடிக்க, செங்கல்லை உடைத்து ஒரு வாளித் துண்டுகளை எங்கள் மணலில் கலந்து வைத்தேன்.

அடுத்த வாரம் அவருடைய மேட்டைக் கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒரு துண்டுகூட இல்லை. பொறுக்கி ஒளித்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன், என் புத்தி அப்படி. எரிச்சலோடு தெற்கே நடந்தால், கடையைத் தாண்டி ஈர மணலில் சிவப்புச் சிவப்பாக என் செங்கல்.

படகுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த அண்ணனிடம் வேறு வழியில்லாமல் போய்க் கேட்டேன். இரண்டு இடத்துக்கும் நடுவே கடலுக்குள் நீண்டிருந்த கல்வரிசையைக் காட்டினார்.

“மண்ணு வடக்க இருந்துதான் வருது தங்கச்சி. அலை தள்ளிக்கிட்டே போவும். நீங்க கல்லப் போட்டு வழிய அடச்சிட்டீங்க லா.”

கடை வைத்த புதிதில், பாதுகாப்புக்கென்று அந்தக் கல்லை அடுக்கியது நானும் அக்காவும். தோட்டத்து மலைச்சரிவில் தண்ணீர் வரும் பக்கம் கல் அடுக்கினால் வேரடி மண் அரிக்காது. அதே நினைப்பில் அலை சாய்ந்து வரும் வடக்குப் பக்கம் அடுக்கினோம். இருந்த மணல் போய்க்கொண்டிருந்தது, புதிது வர வழியில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

புகாரைத் திரும்பப் பெற திங்கட்கிழமை லீவு போட்டுக் கிளம்பினேன். நான் அக்கா கடையிலிருந்து இறங்குவதற்குள் மாவட்ட அலுவலக அதிகாரி கடற்கரைக்கே வந்துவிட்டார். கையில் என் கடிதம். அண்ணன் அதை எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அனுமதியில்லாத இந்தக் கல்லை யார் போட்டது என்று அதிகாரி மலாய் மொழியில் கேட்டார். சொன்னால் அக்காவின் லைசென்ஸ் போய்விடும். நான் கடையைத் திரும்பிப் பார்த்தேன்.

எல்லாரும் சேர்ந்துதான் போட்டோம், இன்றைக்கே எடுத்துவிடுகிறோம் என்றார் அண்ணன். அதிகாரி போனதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கல்லிடம் போய்க் குனிந்தார்.

“வா தங்கச்சி, அந்தப் பக்கம் புடி.”