மயில நெறத்தில் ஓர் அலமாரி

1. வண்டி வந்த காலை

பூதப்பாண்டிப் பிள்ளைவாள் அலமாரியை எடுத்துப்போக வண்டியோடு வந்த அன்று, நானும் பெயிண்டர் தொம்மையும் எங்கள் பழைய சாமான் கடை வாசலில் சம்பந்தி வீட்டாரை வரவேற்பது போல நின்றுகொண்டிருந்தோம். செய்திருந்த வேலை அப்படி. மயில்கழுத்து நிறத்தில் அலமாரி மினுங்கியது. கோட்டாற்றுக் கடைத்தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிள்ளைவாள் இறங்கினார். அலமாரியைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“எனக்க அலமாரி எங்க வே?”

“முன்னால நிக்கிதுல்லா பிள்ளைவாள்” என்றேன்.

“இதா? நான் மயில நெறம்லா அடிக்கச் சொன்னேன்!”

“மயில் நெறந்தானே இது! நெசமான மயிலு வந்து பாத்தா சோடின்னு நெனச்சுக் கிட்ட வந்து ஆடும்” என்றான் தொம்மை, பெருமை தாங்காமல்.

பிள்ளைவாள் வண்டிப் பக்கம் திரும்பினார். வண்டியில் பூட்டியிருந்த வலத்து மாட்டைக் கையால் காட்டினார். வெள்ளையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறம். திமில் பக்கம் மட்டும் மேகம் மாதிரி கொஞ்சம் கறுப்பு ஓடியது.

“இவனுக்கப் பேரு குட்டன். இது என்ன நெறம்?”

“வெள்ள... இல்ல, சாம்பலு” என்றேன்.

“இதுதாம்வே மயில! மயிலக் காளைன்னு நீரு கேட்டதே இல்லியா?”

நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சேலை வியாபாரம். மயில் என்றால் எனக்கு மயில்கழுத்துச் சேலை. தொம்மை குளச்சல்காரன். பெயிண்டு பிரஷ்ஷைப் பிடித்ததே வள்ளத்துக்கு நிறம் அடிக்கத்தான். அவனுக்குக் கடல், எனக்குத் துணி. கடையில் இரண்டு பேர் இருந்தும் மாடு தெரிந்தவன் ஒருவன் இல்லை. நாஞ்சில் நாட்டு வயலுக்கு நடுவில் கடை போட்டுக்கொண்டு மாட்டின் நிறம் தெரியாமல் இருந்தோம் என்றால் எங்களை என்ன சொல்ல!

2. அலமாரி வந்த கதை

அப்போது மலைத் தோட்டங்களில் இருந்த வெள்ளைக்காரத் துரைகள் சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விடுவார்கள். மேசை, கட்டில், அலமாரி, சாய்வு நாற்காலி என்று எல்லாம் மாட்டுவண்டியில் மலையிறங்கி வரும். நாங்கள் அவற்றை வாங்கி, சோடாக்காரம் போட்டுப் பழைய பெயிண்டைச் சுரண்டி, விரிசலில் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது நிறம் அடித்து விற்போம்.

இந்த அலமாரி நல்ல ஆயினி மரம். ஆனால் துரையிடம் இருந்தபோதே ஒரு கதவை மாமரப் பலகையால் மாற்றியிருந்தார்கள். பின்பக்கம் பலா. பாலிஷ் போட்டால் ஒவ்வொரு பலகையும் தன் குலம் கோத்திரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயிண்டு அடித்துவிட்டால் எல்லாம் ஒரே குடும்பம். அதனால் பெயிண்டுதான் என்று பிள்ளைவாளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“நல்லதாப் போச்சு. மயில நெறத்தில அடியும்” என்றார் அவர். நானும் தலையாட்டினேன். நீலத்தில் துளி பச்சை சேர்த்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக மூன்று கோட்டு அடித்தோம். தொம்மை தன் வள்ளத்து வேலைக் கைவரிசை முழுவதையும் அதில் காட்டினான்.

3. குட்டன் சாம்பிள்

தவறு தெரிந்ததும் நான் முதலில் சமாளிக்கத்தான் பார்த்தேன். “கல்யாணச் சாமான், நெறம் எடுப்பா இருந்தா நல்லதுதானே?” என்றேன்.

பிள்ளைவாள் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். கோபித்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

“எனக்கு ஒத்த மக. சொர்ணம். நாளைக்குக் கல்யாணம். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் குடுக்கேன். இந்தக் குட்டன் கன்னுக்குட்டியா இருக்கும்போதே தள்ளப்பசு செத்துப்போச்சு. இவதான் கஞ்சி ஊத்தி வளத்தா. நகை வேணும், பட்டு வேணும்னு ஒரு வார்த்த கேக்கல்ல. ‘குட்டனக் கூட்டிட்டுப் போட்டுமா அப்பா?’ன்னு கேட்டா. வயல வச்சிட்டு மாட்ட எப்பிடி அனுப்ப? அப்பதான், ‘சரி, அலமாரிக்காவது அவன் நெறம் அடிச்சுத் தா’ன்னா. நான் வாக்குக் குடுத்திருக்கேன் சாயிபே.”

தொம்மை தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள்.

பெயிண்டு ஒரு கோட்டு காயவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அலமாரி சாயங்காலத்துக்குள் வண்டி ஏற வேண்டும். யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் இருந்தது. அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பூசிய உடனே காயும். அதில் வெள்ளைப் பொடியும் விளக்குக்கரியும் கலந்தால் சாம்பல் நிறம் வரும்.

தொம்மை ஒத்துக்கொள்ளவில்லை. “லேய் மக்கா, நெறம் கலந்த அரக்கு பிரஷ் இழுக்கும்போதே காய்ஞ்சிரும். கோடு கோடா நிக்கும். நாறிப்போவும்.”

“நாறினா நாறட்டும். நீலமா போறதுக்கு இது மேல்” என்றேன்.

நீலத்தின் மேல் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். குட்டனை வண்டியிலிருந்து அவிழ்த்து அலமாரிக்குப் பக்கத்தில் தூணில் கட்டினோம். எனக்குத் தெரிந்து கோட்டாற்றில் சாம்பிளாக வைக்கோல் தின்றுகொண்டு நின்ற ஒரே மாடு அவன்தான். நான் தேங்காய்ச் சிரட்டையில் நிறம் கலந்து, அவன் விலாப்பக்கம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்ப்பேன். பிள்ளைவாள் கண்ணைச் சுருக்குவார்.

“வெள்ள கூடிப் போச்சு.”

கொஞ்சம் கரி சேர்ப்பேன்.

“இப்ப எருமை.”

கூடிவிட்ட கூட்டமும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மிளகாய்க் கடைக்காரர் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, “துளி மஞ்ச சேத்துப் பாரும்” என்றார். சேர்த்தோம். பிள்ளைவாள் எழுந்து நின்றுவிட்டார். அந்த நிறம்தான்.

தொம்மை சொன்னபடி கோடு விழத்தான் செய்தது. பிரஷ் போன இடமெல்லாம் மெல்லிய இழைகள். நான் நொந்துபோய்ப் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். பிள்ளைவாள் கதவை ஒரு தடவு தடவினார். பிறகு குட்டனின் முதுகைத் தடவினார்.

“ரோமம் மாதிரியே கொண்டுவந்திட்டீரே!”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆமாம், வேண்டுமென்றுதான் செய்தோம் என்பது போலத் தொம்மை தலையை ஆட்டினான். அதன்பிறகு பிள்ளைவாள் மேஸ்திரி ஆகிவிட்டார். “திமிலுக்கிட்ட கறுப்பு ஓடும் வே” என்று சொல்லி, மேல்பலகைக்குக் கரி கூட்டச் சொன்னார். அதையும் செய்தோம்.

வெளிப்பக்கம் முடிந்தபோது ஸ்பிரிட் தீர்ந்துபோனது. கதவுகளின் உள்பக்கம் நீலமாகவே நின்றது.

“உள்ள ஆரு பாக்கப் போறா? வண்டியக் கட்டும்” என்றார் பிள்ளைவாள். குட்டனே அலமாரியை இழுத்துக்கொண்டு போனான்.

4. திரும்பி வந்த அலமாரி

சில வருடங்கள் கழிந்தன. வடசேரிப் பக்கம் பஸ்கள் பெருகி, கோட்டாற்றில் எங்கள் கடையும் கொஞ்சம் பெருத்திருந்தது. ஒருநாள் ஒரு வண்டி வந்து நின்றது. மேலே அந்த அலமாரி. பின்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். அலமாரியைப் பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது.

கைப்பிடியைச் சுற்றிச் சாம்பல் நிறம் தேய்ந்து, அடியிலிருந்த நீலம் எட்டிப் பார்த்தது.

“மறுபடி நெறம் அடிக்கணும் அண்ணே” என்றாள் சொர்ணம்.

“என்ன நெறம்மா?”

“மயில.”

“எந்த மயில?” நானும் தொம்மையும் ஒரே குரலில் கேட்டோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். குழந்தையும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தது.

“வெளிய குட்டன். உள்ள இருக்கிற நீலத்தத் தொடப்பிடாது.”

“உள்ள அரைகுறையால்லா கெடக்கு? நல்லா அடிச்சுத் தாறோமே” என்றான் தொம்மை.

“வேண்டாண்ணே. போன புதுசுல அழுக அழுகயா வரும். கதவத் தடவிட்டு நிப்பேன். பொறவு துணி எடுக்கத் தொறந்தா, பளிச்சுன்னு உள்ள மயிலு! எங்கப்பா இந்தக் கடையில நின்னு முழிச்ச கதை ஞாபகம் வந்திரும். சிரிச்சிருவேன்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பாக அடித்த நிறத்துக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று யார் கண்டது? சிரட்டையைக் கையில் எடுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

“சாம்பிளுக்குக் குட்டன் வேணுமேம்மா. அப்பா வண்டியில வருவாரா?”

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“குட்டன் போயிட்டான்ணே. போன தையில.” கொஞ்ச நேரம் அலமாரியின் மேல்பலகையைப் பார்த்தாள். “அன்னைக்கு அவனப் பாத்து இதுக்கு அடிச்சிய. இன்னைக்கு இதப் பாத்து அடியுங்க. அவன் அப்பிடியே இருக்கான்.”

தேயாத பக்கப் பலகையையும் மேல்பலகையையும் சாம்பிளாக வைத்து, திமில் கறுப்பு உட்படக் கலந்து கொடுத்தேன். தொம்மை வேண்டுமென்றே கோடு விழ அடித்தான். இப்போது கடைகளில் ஷேடு அட்டை வைத்து நம்பர் சொல்லி நிறம் வாங்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வாடிக்கையாளர் ஒரு நிறம் சொன்னால், “எதைப் போல?” என்று கேளுங்கள். பிறகு, “யாருக்கு?” என்றும் கேளுங்கள்.