ஜெசிந்தா எடுத்த ஏலம்

ஜெசிந்தாவுக்கு எங்கள் ஊரில் இரண்டு உத்தியோகம். காலையும் மாலையும் மோட்டார் போட்டு, மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, வால்வைத் திறந்து தெருத்தெருவாகத் தண்ணீர் விடுவது முதலாவது. அதற்குப் பஞ்சாயத்துச் சம்பளம் உண்டு. ஊர்த் தீயணைப்புக் குழுவில் உறுப்பினராக இருப்பது இரண்டாவது. அதற்கு ஒரு சிவப்பு டி-ஷர்ட் கொடுத்தார்கள். இடைப்பட்ட நேரத்தில் நூறு நாள் வேலைக்குப் போவாள். புருஷன் ஆரோக்கியராஜ் சென்னையில் சென்ட்ரிங் வேலை செய்கிறான், பண்டிகைக்கு வருவான். வீட்டில் அவளும் அவள் அம்மா சவுரியம்மாளும்தான்.

சவுரியம்மாள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போன இடத்தில் வரப்பில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். பிடித்துக்கொண்டால் பாத்ரூம் வரை நடப்பாள், அவ்வளவுதான். வீடு காலனித் தெருவின் கடைசியில், கூரை வீடு. அரசாங்கம் கட்டித்தரும் மாடி வீட்டுக்கு எழுதிப்போட்டு இரண்டு முறை பேர் வந்து, பட்டா தாத்தா பேரில் இருக்கிறது என்று இரண்டு முறையும் போய்விட்டது. தெருவில் வரிசையாகக் கூரைகள். ஒன்று பற்றினால் கடைசி வீடு வரைக்கும் போகும். ஜெசிந்தா வேலைக்குப் போனால் அம்மா கட்டிலில் தனியாகக் கிடப்பாள். இந்தக் கவலைதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. மற்றபடி அவள் கலகலப்பான பொம்பளை.

கூட்டேரிப்பட்டில் ஹைவேயை விட்டு இறங்கி நெடுந்தூரம் உள்ளே வந்தால்தான் எங்கள் ஊர். தீப்பிடித்தால் போன் போட்டதும் டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி கிளம்பிவிடும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தூரம் தூரம்தான். துரைக்கண்ணுவின் வைக்கோல் போரும் மாட்டுக் கொட்டகையும் எரிந்த வருஷம், வண்டி வந்து சாம்பலை நனைத்துவிட்டுப் போனது. துரைக்கண்ணு ஊரில் நிலபுலன் உள்ள பெரிய குடித்தனக்காரர். அவர் மாடு செத்ததால் ஊருக்கு உடனே புத்தி வந்தது. ஊரிலும் காலனியிலும் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, பழைய டேங்கர் ஒன்றை வாங்கி, அதில் டீசல் பம்பையும் ஹோஸையும் மாட்டினார்கள். இழுக்க துரைக்கண்ணுவின் டிராக்டர். நிறுத்துவதற்குத் தொட்டியடி. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் சண்டை வராத இடம் அது ஒன்றுதான்.

டேங்கர் எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும், வால்வு சாவி ஜெசிந்தாவிடம் இருக்கிறது. அதனால் அவளையும் குழுவில் சேர்த்தார்கள். ஆசைப்பட்டுச் சேர்த்தார்கள் என்று சொன்னால் பொய்.

வாங்கின பிறகுதான் தெரிந்தது, தீயணைப்பு வண்டி சும்மா நின்றாலும் தின்னும் என்று. பேட்டரி, டயர், டீசல். மாதம் ஒரு முறையாவது பம்பை ஓட்டாவிட்டால் இறுகிப்போகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஓட்டினால் ஒரு டேங்கர் தண்ணீர் வீண். கோடையில் அதைத் தெருவில் ஊற்றினால் பெண்கள் சும்மா விடுவார்களா?

துரைக்கண்ணு ஒரு வழி கண்டுபிடித்தார். ஏலம். கோயில் எலுமிச்சம்பழத்தையே ஏலம் விட்டு ஆயிரக்கணக்கில் எடுக்கிற ஜில்லா இது, தண்ணீரை விடக்கூடாதா? மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்கள் நிலத்தில் போய்ப் பயிற்சி. பம்பும் ஓடும், செடியும் நனையும், குழுவுக்குக் காசும் வரும். நல்ல யோசனைதான், நானும் கை தட்டியவன்.

துரைக்கண்ணுவின் மகன் வல்லரசு தர்பூசணி போட்டிருந்தான். வெயில் ஏற ஏற ஏலமும் ஏறியது. விடுகிறவர் அப்பா, எடுக்கிறவன் மகன். காசு சரியாக வந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. குழுவுக்கு டி-ஷர்ட் வந்தது. டேங்கரில் பெயர் எழுதப்பட்டது. ஹைவே வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சைரன் மாட்டினார்கள். கையில் காசு சேர்ந்தால் நம்மவர்களுக்கு முதலில் சத்தம்தான் வாங்கத் தோன்றும். வருஷக் கடைசியில் குழுவிலிருந்த ஆறு பேரும் தர்பூசணிக்குத் தண்ணீர் கட்டுவதில் கைதேர்ந்துவிட்டார்கள்.

நிலமில்லாத காலனிக்காரர்கள் எதற்காக ஏலம் கேட்பார்கள்? ஆகவே வண்டி அந்தத் தெருப்பக்கம் திரும்பவே இல்லை. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, கவனிக்கவும் இல்லை. கவனித்தது ஜெசிந்தா மட்டும்தான். வரி மட்டும் ரெண்டு பக்கமும் வாங்கினீங்களே என்று குழுக் கூட்டத்தில் கேட்டாள். பயிற்சி ஏலத்தின்படிதான் நடக்கும் என்று துரைக்கண்ணு சொல்லிவிட்டார்.

சரி என்று அடுத்த மாதம் அவளே ஏலத்தில் நின்றாள். வல்லரசு ஏற்ற ஏற்ற அவளும் ஏற்றினாள். தொட்டி வேலையின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியபோது அவன் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தான்.

"எந்தச் செடிக்கு அக்கா இவ்ளோ காசு?"

"செடிக்கு இல்ல. எங்க தெருவுக்கு."

"தெருவுல இன்னா வெச்சிருக்க?"

"எங்கம்மாவ வெச்சிருக்கேன்."

அதன்பிறகு அவன் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வண்டி வந்தது. சைரன் போட்டார்கள், பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். தெருவின் வளைவு வரைக்கும் கல்யாண ஊர்வலம்தான். வளைவில் டிராக்டர் திரும்பியது, டேங்கர் திரும்பவில்லை. பின்னால் எடுத்துத் திருப்பினால் சக்கரம் கால்வாயில் இறங்கியது. ஹோஸைப் பிரித்து ஓடினார்கள். வளைவைத் தாண்டியதும் இருக்கிற பூமாலை என்பவர் வீட்டோடு ஹோஸ் தீர்ந்துபோனது. பம்பை முழு வேகத்தில் விட்டும், தண்ணீர் அதற்கு அடுத்த கூரையின் ஓரத்தை நனைத்ததோடு சரி. அந்தப் பக்கமிருந்த வீடுகள் காய்ந்தபடி நின்றன. கடைசி வீடும்தான். ஆறு பேரும் சிவப்புச் சட்டையில், ஹோஸைப் பிடித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஒருவேளை நிஜமாகவே எரிந்திருந்தால் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தோன்றியது.

டேங்கரைத் திரும்பவிடாமல் செய்தது ஒரு பாத்ரூம் சுவர். ஜெசிந்தாவின் பாத்ரூம்தான் அது. அம்மா வெளியே போக முடியாமல் ஆனபிறகு மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டியது. வீட்டுப் பக்கம் இடமில்லாததால் நாலு கூரை முன்னே தள்ளி, வளைவில் வந்து நின்றது; மகள் பிடித்துக்கொண்டால் அம்மா அதுவரைக்கும் நடந்துவிடுவாள். துரைக்கண்ணு சுவரை ஒரு சுற்று பார்த்தார். இந்த மூலையை இடித்தால் வண்டி திரும்பிவிடும் என்றார். சொன்னது சரிதான். மூலை போனால் பாத்ரூம் மிச்சமிருக்காது, அதுவும் எல்லோருக்கும் தெரிந்தது.

ஜெசிந்தா சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு பூமாலையிடம் கடப்பாரை கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது கடைசி வீட்டுக்குள்ளிருந்து சவுரியம்மாளின் குரல் வந்தது. படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இடிக்காதடி. நெருப்பு என்னிக்கோ ஒரு நாள் வரும். எனக்கு டெய்லி வருது."

தெருவே சிரித்தது. துரைக்கண்ணுவும் சிரித்தார், பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். கடப்பாரையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சுவர் போகாது என்றால் ஹோஸ் நீள வேண்டும். காசு சைரனாகவும் சட்டையாகவும் மாறியிருந்தது. வல்லரசு தர்பூசணி லோடு ஏற்றிய பணத்திலிருந்து முன்பணம் போட்டு, விழுப்புரம் போய் புது ஹோஸும், பழசையும் அதையும் இணைக்கிற கப்ளிங்கும் வாங்கிவந்தான். ஏலத்துக்கும் புது விதி வந்தது. ஒரு மாதம் ஏலம், அடுத்த மாதம் யாருமே கேட்காத தெரு. சிலர் முணுமுணுத்தார்கள். தீயணைப்பு வண்டி தர்பூசணிக்கு வாங்கினதா என்று துரைக்கண்ணுவே கேட்டார். அவர் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சில வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெசிந்தா ஏரியில் நூறு நாள் வேலையில் இருந்தாள். தலையில் மண் கூடை. ஊர்ப்பக்கமிருந்து சைரன் கேட்டது. அன்றைக்குப் பயிற்சி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, திரும்பிப் பார்க்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் பின்னால் ஓடினார்கள். மாதாவே, மாதாவே என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாளாம்.

தெருவுக்குள் புகை இல்லை. டேங்கர் வளைவுக்கு இந்தப் பக்கம் நின்றது. ஹோஸ் பாத்ரூம் சுவரைச் சுற்றி, பூமாலை வீட்டைத் தாண்டி, கடைசி வீட்டு வாசல் வரைக்கும் கிடந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சவுரியம்மாளைக் கட்டிலோடு தூக்கிவந்து வேப்பமரத்தடியில் வைத்திருந்தார்கள். தூக்கியவர்களில் ஒருவன் வல்லரசு. அவன் அந்த வாசலை அதுவரை மிதித்ததில்லை. கிழவி தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள்.

ஜெசிந்தாவுக்கு மூச்சு வாங்கியது, பிறகு கோபம் வந்தது.

"சொல்லிட்டுப் பண்ணக்கூடாதாண்ணா? உசுரே போச்சு எனக்கு."

"சொன்னா நீ வேலைக்குப் போவமாட்ட" என்றார் துரைக்கண்ணு. "நீ இல்லாதப்ப நாங்க வந்து சேர்றமான்னுதான் பாக்கணும்."

அவள் கட்டிலருகே போனாள். முந்தானையால் அம்மாவின் தலையைத் துவட்டினாள். பயந்துட்டியா என்று கேட்டாள்.

"இன்னிக்கு இல்ல" என்றாள் சவுரியம்மாள். "நீ வேலைக்குப் போனா நான் கண்ண மூடறதே இல்லடி. கூரையப் பாத்துக்கினே கெடப்பேன். சொன்னா நீ வேலைய வுட்டுடுவன்னு சொல்லல. இன்னிக்குப் பாத்தேன், நீ இல்லாட்டியும் வர்றாங்க. நாளையிலேந்து தூங்கறேன்."

இடுப்பு உடைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஜெசிந்தா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், சத்தம் போட்டு அழுதாள்.