சித்தப்பாவுக்காகக் கொடுத்த கொடுக்காப்புளி

எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கல்யாணப் பத்திரிகைகளின் மேல் விலாசமும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கச் சொல்லி மூன்று மனுவும்தான். அந்த மனுக்களுக்கும் பதில் வரவில்லை. ஆனாலும் பெரிய வெள்ளி வந்தால் கோயிலில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பக்கத்தில் முழங்காலில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எழுதி இறக்கி வைத்தால் நிற்குமோ என்று பார்க்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குடுமியான்மலைக்குப் போகும் பஸ் நின்று போகிற சின்ன ஊர் எங்களுடையது. பெரிய வெள்ளி மதியம் கோயில் திடலில், இயேசுவைச் சிலுவையில் அறைந்த கதையை, பாடுகளின் நாடகமாகப் போடுவோம். அந்த வருஷம் இயேசு வேஷம் சித்தப்பாவுக்கு. பங்குச் சாமியார்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார். சிலர் முணுமுணுத்தார்கள், ஏனென்று எனக்குத் தெரியாது. சித்தப்பா நாற்பது நாள் தாடி வளர்த்தார், கறி தொடவில்லை. தீர்ப்புச் சொல்லிவிட்டு, பழி தனக்கில்லை என்று கை கழுவும் பிலாத்து என் தாய்மாமன். பஸ் கண்டக்டர் என்பதால் அவருக்கு மைக் தேவைப்படவில்லை. கொலைகாரன் பரபாஸ் என் அப்பா. இயேசுவைத் தெரியவே தெரியாது என்று பேதுரு மறுதலிக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து சேவல் மாதிரி கூவியதும் அப்பாதான். எங்கள் வீட்டுச் சேவல் இரண்டும் முந்தின வருஷமே காணாமல் போயிருந்தன. கீரி பிடித்துவிட்டது என்றாள் அம்மா. சித்தப்பா வேலை தேடித் திருச்சிக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாரே, அதே வாரம்.

மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும்தான் ஜனக்கூட்டம். "இயேசுவையா, பரபாஸையா, யாரை விடுதலை செய்ய?" என்று மாமா கேட்டதும் "பரபாஸை!" என்று கத்த வேண்டும். தலைமைக் குருவாக நடித்தவர் பெட்டிக்கடைக்காரர். ஒத்திகைக்கு ஒத்திகை ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தார். அந்த ஞாயிறுதான் வகுப்பில் சிஸ்டர் சொல்லியிருந்தார்: பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினால் பார்வை உள்ளவனுக்கும் கண் தெரியாமல் போகும், குற்றமில்லாதவனைச் சாகக் கொடுக்கக் கூடாது, வேதத்திலேயே இருக்கிறது என்று. நான் மிட்டாயை வாங்காமல், வாங்கியவர்களின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் வேப்பமர வேரில் தடுக்கி விழுந்தான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சித்தப்பாவைக் காப்பாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். முந்தின வருஷம் இயேசுவாக நடித்தவர், சிலுவையில் தோள் மூட்டு நழுவி, வைகாசி வரை கையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார். யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை நான். இருந்தும் எங்கள் வேலியோர மரத்தில் கொடுக்காப்புளியைத் தொரட்டியால் இழுத்து, ஒரு சாக்கு நிறையச் சேர்த்துக்கொண்டு, வேரில் விழுந்த பையனிடம் போனேன்.

"எல்லாரும் இயேசுவைன்னு கத்தணும். ஆளுக்கு ஒரு கை தாரேன்."

"மிட்டாய் இனிக்கும். இது தொண்டையப் புடிக்கும். ரெண்டு கை குடு."

"சரி, ரெண்டு கை. அவர் ஒரு தப்பும் பண்ணலைன்னும் கத்தணும்."

"அதுக்குத் தனியா ஒரு கை."

நான் கொடுப்பதும் பரிதானம்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிட்டாய்தான் பரிதானம். இது கொடுக்காப்புளி.

பெரிய வெள்ளியன்று மாமா நாற்காலியிலிருந்து எழுந்து கேட்டார். பதினெட்டுப் பேரும் திடல் அதிரக் கத்தினோம்: "இயேசுவை! அவர் ஒரு தப்பும் பண்ணலை!"

மாமா திகைத்துப் போனார். மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். மூன்றாவது தடவை, பஸ்ஸில் சில்லறை கேட்கிற குரலில், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா" என்றார்.

"அவர் ஒரு தப்பும் பண்ணலை!"

தலைமைக் குரு மேடை ஓரத்துக்கு ஓடி வந்தார். "அடேய், ஒரு டப்பா மிட்டாயத் தின்னுப்புட்டு இப்பிடிக் கவுத்துட்டீங்களேடா!"

துக்க நாள் என்பதை மறந்து திடலே சிரித்தது. கைகழுவும் செம்போடு நின்ற படைவீரனிடம் மாமா, "அப்ப விட்டுர வேண்டியதுதான். நான் எதுக்குக் கை கழுவணும்?" என்றார். கயிற்றில் கட்டப்பட்டு நின்ற அப்பா மெல்லக் கேட்டார்: "மாப்ள, அப்ப நான் எங்கிட்டுப் போறது?"

முன் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "அடியே, ஒங்க அப்பனச் சிலுவையில ஏத்தச் சொல்லியா இந்தக் கத்துக் கத்துற?" என்றாள்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன். தலைமைக் குரு பிள்ளைகளிடம் இரண்டு விரலைக் காட்டி, "நாடகம் முடிஞ்சதும் ஆளுக்கு ரெண்டு" என்றார். அடுத்த தடவை பதினேழு பேர் பரபாஸைக் கேட்டார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. அப்பாவின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

அப்போதுதான் சித்தப்பாவைப் பார்த்தேன். தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். ஒத்திகையில் அவர் ஒரு தடவையும் அழுததில்லை. சிரித்துக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். இப்படி ஓர் இயேசு நம்ம ஊருக்குக் கிடைத்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். நான் பாதியில் கைவிட்டதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்து, சாக்கில் மிச்சமிருந்ததை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். சித்தப்பா திருச்சிக்குப் போகவே இல்லை. ஒரு தோட்டத்துக்காரரின் கிணற்று மோட்டார் காணவில்லை என்று அவரைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் இரண்டு சேவலும் அங்கே போன பிறகுதான் விட்டார்கள். மோட்டார், ரிப்பேருக்குப் போய், காயில் கட்டுகிற கடையில் பத்திரமாகக் கிடந்தது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் திருடன் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அந்த மூன்று நாளில், இவன் தப்பு பண்ணியிருக்க மாட்டான் என்று சொல்ல ஊரிலிருந்து ஒருவரும் போகவில்லை. போனால் தன்னையும் பிடித்து வைப்பார்கள் என்று அப்பாவும் போகவில்லை.

அந்தப் பெரிய வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை. சித்தப்பா தாடியை மழித்துவிட்டு, மடியில் கொடுக்காப்புளியைக் கட்டிக்கொண்டு, கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.